புதுக்கடை மூக்கும் கொடுப்பும்: அன்றும் இன்றும்

கொழும்பின் புதுக்கடையில் பல வருஷம் கிடந்து உழைத்தவர் எவரிடமும் இரண்டு நீண்ட கதைகள் இருக்கும். ஒன்று, தவணைமேல் தவணை போய் இன்னும் தீராத ஒரு வழக்கு. மற்றது, தவணை தவறாமல் திரும்பி வரும் மூக்கடைப்பு. கன்னம் கனக்கும். குனிந்தால் நெற்றி இடிக்கும். மேல்வாய்ப் பல்வரிசை ஒரு பக்கம் முழுவதும் நோகும். காதடியில் கொடுப்பு இறுகிச் சோறு மெல்லவும் சலிப்பாக இருக்கும். வழக்கு இழுபட்டால் சட்டத்தரணியைக் குறை சொல்லலாம். மூக்குக்கு அன்று பனியைச் சொன்னார்கள், தலைமுழுக்கைச் சொன்னார்கள். இன்று தூசியைச் சொல்கிறோம், ஏ.சி.யைச் சொல்கிறோம்.

இந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் இந்த நோவைச் சுற்றியிருந்த எல்லாம் மாறிவிட்டன. மருந்து மாறியது, கருவி மாறியது, வீடு மாறியது, மூச்சில் போகும் புகைகூட மாறியது. முகத்தில் எங்கே நொந்தாலும் ஒரே நோயென்று நினைத்துக் கைவைத்தியம் பார்க்கும் பழக்கம் மட்டும் அசையவில்லை. அன்று அதற்குப் பீனிசம் என்றார்கள், இன்று சைனஸ் என்கிறோம்.

மேடும் கந்தோர்களும்

1656 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடிக்க ஒல்லாந்தர் நடத்திய முற்றுகையில் உயிரிழந்த தளபதி ஹல்ஃப்ட். அவர் பெயராலேயே இந்த மேட்டுக்கு ஹல்ஸ்டோர்ப் என்று பெயர். சிங்களத்தில் அளுத்கடே, எங்களுக்குப் புதுக்கடை. நீதிமன்றங்கள் வந்து குந்திய பிறகு நாட்டின் நாலா பக்கத்துப் பகையும் பங்குச் சண்டையும் இந்த மேட்டுக்கு ஏறி வந்தன. 1974 இல் எல்லோரும் சட்டத்தரணி என்ற ஒரே பெயருக்குள் வருவதற்கு முன், அப்புக்காத்துமார் ஒரு பக்கம், பெரக்கிராசிமார் ஒரு பக்கம். இருவருக்கும் நடுவில் கந்தோர் கிளாக்கர்மார்.

அந்தக் கந்தோர்களின் காற்று எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வருஷத்தில் ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஊர். ஈரப்பதன் பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேல். ஓட்டுக் கூரைக்குக் கீழே தட்டுத் தட்டாகக் கட்டி வைத்த காகிதக் கட்டுகள். பத்து வருஷத்துக்கு முந்திய உறுதியொன்றைத் தேட வேண்டுமென்றால் கிளாக்கர் அந்தக் கட்டை இறக்கி, மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டித்தான் அவிழ்ப்பார். காகிதத் தூளும் பூஞ்சணமும் புத்தகப்பூச்சியின் கழிவும் ஒன்றாக எழும்பும். அடுத்தது தும்மல்.

வெளியே வந்தாலும் மூக்குக்கு விடுதலை இல்லை. பழைய சோனகத் தெருப் பக்கம் இரும்புச் சாமான் கடைகள், கொஞ்சம் கீழே இறங்கினால் புறக்கோட்டை மிளகாய்க் கிடங்குகள், ஆமர் வீதியில் லொறிப் புகை, பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகங்களைக் கழற்றிப் பூட்டும் எண்ணெய் மணம். வடக்கே புளூமெண்டால் குப்பைமேடு பல காலம் நாறிக்கொண்டும் புகைந்துகொண்டும் இருந்தது. கொட்டாஞ்சேனைக்காரருக்கு அந்த மணம் நன்றாக நினைவிருக்கும்.

இவ்வளவுக்கும் நடுவில் பல கிளாக்கர்மார் மூக்குப்பொடி போட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. ஒரு சிட்டிகை இழுத்தால் பலத்த தும்மலோடு அடைப்புத் திறந்ததுபோல் இருக்கும். புகையிலைத் தூள் உள்தோலை அரித்து இன்னும் வீங்கவைக்கும் என்பது அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை. பின்னேரம் மறுபடி அடைக்கும், மறுபடி ஒரு சிட்டிகை.

வேதும் சுக்குப் பற்றும்

அன்றைய வைத்தியம் வீட்டுக் குசினியில் தொடங்கியது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் தடிமன் பிடித்தால் முதல் மருந்து வேது. பானையில் நொச்சியிலையும் தேசிக்காய் இலையும் போட்டுக் கொதிக்கவைத்து, போர்வைக்குள் தலையை விட்டு மூச்சிழுப்பது. “வாயாலை விடாதை தம்பி, மூக்காலை இழு” என்று அம்மம்மா போர்வைக்கு வெளியே நின்று சொல்லுவா. பிறகு சுக்கை உரைத்து நெற்றியிலும் கன்னத்திலும் பற்று. இரவில் மல்லித் தண்ணி.

புதுக்கடை முஸ்லிம் வீடுகளில் உம்மம்மாமாருக்கு இஞ்சிக் கசாயம் தனிக் கலை. பக்கத்துச் சிங்கள வீட்டில் மல்லி, இஞ்சி, கண்டங்கத்தரி, பற்படாகம், மரமஞ்சள் ஐந்தையும் சேர்த்துக் காய்ச்சும் பஸ்பங்குவ. ஒரே சுவரின் இரு பக்கத்திலும் இரண்டு மொழிக் குடிநீர் கொதித்த ஊர் இது. எல்லா வீட்டிலும் பொதுவாக இருந்தவை சித்தாலேபச் சிமிழும் சிங்கப்பூர்க் கோடாலித் தைலமும்.

இவற்றை எல்லாம் மூடப்பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. எல்லாவற்றையும் அற்புதம் என்று தூக்கிப் பிடிக்கவும் முடியாது. தைலத்தில் இருக்கும் மென்தோல், மூக்குக்குள் குளிரை உணரும் நரம்பு வாயில்களைத் தட்டிவிடுகிறது. காற்றுத் தாராளமாகப் போவதாக மூளை நம்புகிறது. வீக்கம் இருந்தபடியே இருக்கிறது. இந்தக் குளிர் வாயில் 2002 இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதைக் கண்டுபிடித்தவர்களில் இருவரான டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும், வெப்பத்தையும் தொடுகையையும் உடல் எப்படி உணர்கிறது என்று காட்டியதற்காக, 2021 இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள். அம்மம்மாவின் தைலம் ஆறுதல் தந்தது மெய். அடைப்பை எடுத்ததா என்றால், இல்லை.

வேதுவையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பச் சைனஸ் தொல்லை வரும் 871 பேரை வைத்து இங்கிலாந்தில் நடத்திய ஆய்வு 2016 இல் வெளியானது. உப்புநீரால் மூக்கைக் கழுவியவர்களுக்கு ஓரளவு நன்மை தெரிந்தது. ஆவி பிடித்தவர்களுக்குத் தலையிடி சற்றுக் குறைந்ததைத் தவிர வேறு குறிப்பிடத்தக்க பலன் இல்லை. யோகப் பயிற்சியில் ஜலநேதி என்று இருந்து, நம் வீடுகளில் அதிகம் பழகாமல் போனதற்குத்தான் இன்று மருத்துவச் சான்று கூடுதலாக இருக்கிறது. கொதிபானை கவிழ்ந்து வெந்த பிள்ளைகளின் கணக்கையும் வேதுவின் பக்கத்தில்தான் எழுத வேண்டும்.

ஊசி, உளி, குறடு

குசினி வைத்தியம் கைவிட்டால் பெரியாஸ்பத்திரி. 1864 இல் தொடங்கிய கொழும்புப் பொது வைத்தியசாலை, இன்றைய தேசிய வைத்தியசாலை, புதுக்கடையிலிருந்து தூரமில்லை. ஆனால் மூக்குக்காக அங்கே போக ஆட்கள் பயந்தார்கள். காரணம் ஊசி.

முகத்தில் காற்றுப் பைகள் நாலு சோடி இருக்கின்றன: கன்னத்தில், நெற்றியில், கண்களுக்கு நடுவில், மூக்குக்குப் பின்னால் மண்டையோட்டின் அடியில். இவற்றில் பெரியது கன்னப் பை. 1651 இல் ஆங்கிலேய வைத்தியர் நத்தானியல் ஹைமோர் விவரித்து எழுதியதால் நீண்ட காலம் அவர் பெயராலேயே அது வழங்கியது. அதன் வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. சளி மேல்நோக்கி ஏறித்தான் வெளியேற வேண்டும். உள்தோலிலுள்ள நுண்மயிர்கள் இடைவிடாமல் அடித்து அதை ஏற்றிவிடுகின்றன. வீக்கத்தால் வாசல் மூடினாலோ, தூசியாலும் புகையாலும் நுண்மயிர் ஓய்ந்தாலோ, சளி தேங்கும்.

அந்தக் கால வைத்தியரிடம் அந்தப் பைக்குள் பார்க்க நிழற்படம்போல மங்கிய எக்ஸ்ரே ஒன்றுதான் இருந்தது. கன்னப் பக்கம் வெள்ளையாகத் தெரிந்தால், மூக்கை மரக்கவைத்து, உள்ளே தடித்த ஊசியால் எலும்பைத் துளைத்துக் கழுவுவார்கள். எலும்பு ‘மொறுக்’ என்று உடையும் சத்தம் மண்டைக்குள் கேட்கும் என்று அனுபவித்தவர்கள் சொல்லுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே வெட்டி, உளியால் எலும்பைத் திறக்கும் சத்திரசிகிச்சை. 1893 இல் அமெரிக்கர் கால்ட்வெல்லும் 1897 இல் பிரெஞ்சுக்காரர் லூக்கும் தனித்தனியே வெளியிட்ட முறை அது. முகம் வீங்கிக் கன்னம் மரத்து வீடு திரும்பியவரைப் பார்த்த தெரு, அடுத்த பத்து வருஷத்துக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் போகாது.

இதைவிடக் கொடுமை பல்லுக்கு நடந்தது. கன்னப் பையின் தரை மேற்கொடுப்புப் பற்களின் வேருக்கு மேலே இருக்கிறது. சிலருக்கு இடையில் இருப்பது காகிதத் தடிப்பு எலும்புதான். இரண்டுக்கும் உணர்வு தருவது ஒரே நரம்பின் கிளை. பை வீங்கினால் பல் நோகும். பல்லுக்குத்து என்று எண்ணிப் போனவர் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு வருவார். நோ அப்படியே இருக்கும். அடுத்த மாதம் அடுத்த பல். ஐம்பது வயதுக்குள் மேல்வாய் வெறுமையான பலருடைய கதையில் இப்படியும் சில பற்கள் போயிருக்கின்றன.

கொடுப்பு நோ

பல்லுக்கும் கன்னப் பைக்கும் உள்ள இந்த உறவுக்கு மறுபக்கமும் உண்டு. பல் கெட்டு அதன் வேரில் சீழ் வைத்தால் அது மெல்லிய எலும்பைத் தாண்டிக் கன்னப் பைக்குள் போகும். இந்த வகைச் சைனஸ் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வரும், சளி நாறும். பல்லைச் சரிசெய்யாமல் மூக்குக்கு எத்தனை மருந்து விட்டாலும் இது போகாது. மூக்கு வைத்தியரும் பல் வைத்தியரும் ஒரே நோயாளியை ஒருவருக்கொருவர் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கும் நிலைமை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

முகநோவுக்கு மூன்றாவது காரணம் ஒன்று, காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்தால் அசையும் மூட்டு. கொடுப்பு மூட்டு. 1934 இல் அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் கோஸ்டன் என்ற காது மூக்குத் தொண்டை வைத்தியர், காதடைப்பும் சைனஸ் போன்ற முகவலியும் கொண்டு வந்த சிலருக்குக் கோளாறு அந்த மூட்டில்தான் என்று எழுதினார். அவர் சொன்ன காரணங்கள் பல பின்னர் நிலைக்கவில்லை. ஆனால் சைனஸ் என்று வருபவரின் கொடுப்பையும் தொட்டுப் பார் என்ற பாடம் நிலைத்தது. கோஸ்டன் எழுதி தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் எத்தனை பேருடைய கொடுப்பு மூட்டைத் தொட்டுப் பார்க்கிறார்கள்?

புதுக்கடையில் கொடுப்புக்கு வேலை அதிகம். ஒரு தலைமுறை முழுவதும் வெற்றிலைக் கூறை வாயில் அடக்கியபடியே கோடு ஏறி இறங்கியது. பாக்கை நாள் முழுதும் மெல்லும்போது மெல்லும் தசை களைக்கும். காலப்போக்கில் வாயின் உள்தோல் நாராக இறுகி வாய் திறப்பதே குறையும். வெறும் பாக்கும், புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூறும்கூடப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2003 இல் முடிவு செய்தது. ‘கொடுப்பு பிடிச்சிருக்கு, பனிக்காத்துதான்’ என்று சால்வையைச் சுற்றிக்கொண்டு காலம் கடத்தியவர்களில் சிலருக்கு அது பனி இல்லை.

இன்று வெற்றிலை குறைந்திருக்கிறது. பல் கடிப்பது கூடியிருக்கிறது. தவணை, கடன், வாடகை, வெளிநாட்டு விசா என்று மனம் இறுகிய ஆள் தூக்கத்திலும் பகலிலும் தன்னறியாமல் பல்லை நெரிக்கிறார். கணினிக்கு முன் கழுத்தை நீட்டியபடி ஆறு மணித்தியாலம். காலையில் எழும்பும்போது கன்னமும் பொட்டும் நோகும்; மூக்கும் லேசாக அடைத்திருக்கும். உடனே சைனஸ் என்கிறார். மூக்கடைப்பால் தூக்கம் கெடுகிறது, கெட்ட தூக்கத்தோடு பல் நெரிப்பும் சேர்கிறது, இரண்டும் ஒரே முகத்தில் நோகின்றன. எது எதனால் என்று பிரித்தறிய ஆளை உட்காரவைத்துக் கேட்க வேண்டும், தொட்டுப் பார்க்க வேண்டும்.

நாலாவது, ஒற்றைத் தலையிடி. தாங்களாகவோ வைத்தியர் சொல்லியோ சைனஸ் தலையிடி என்று நம்பிக்கொண்டிருந்த 2,991 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்து 2004 இல் வெளியிட்டார்கள். அவர்களில் 88 வீதமானவர்களுக்கு இருந்தது ஒற்றைத் தலையிடி வகை. அந்தத் தலையிடியிலும் மூக்கு ஒழுகும், கண் கலங்கும், கன்னம் கனக்கும், அதனால்தான் ஏமாறுகிறோம். வெளிச்சம் கூசினாலோ, வயிற்றைப் பிரட்டினாலோ, ஒரு பக்கம் துடிதுடித்து இடித்தாலோ, மூக்கை விட்டுத் தலையிடிக்கு மருந்து பார்க்க வேண்டும்.

காற்று மாறிய கணக்கு

மூக்குக்குள் போகும் காற்றில் நல்ல மாற்றம் நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 2002 இல் இலங்கை ஈயம் கலந்த பெற்றோலைக் கைவிட்டது. எண்ணெயும் பெற்றோலும் சேர்ந்து எரிந்து நீலப் புகை கக்கிய இரண்டு வீச்சு ஓட்டோக்களின் இறக்குமதி 2008 இல் நிறுத்தப்பட்டது. அதே வருஷம் வாகனங்களுக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வந்தது. கொழும்பில் ‘தோட்டம்’ என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில், ஒற்றை அறைக்குள் எரிந்த விறகடுப்பும் மண்ணெண்ணெய் அடுப்பும் மெல்ல மெல்ல காஸ் சிலிண்டருக்கு இடம் விட்டன. அடுப்படியிலேயே வாழ்நாளைக் கழித்த பெண்களின் மூக்குக்கு இது பெரிய விடுதலை.

ஆனால் வாகனங்கள் பெருகின. டிசம்பரிலிருந்து வடகீழ்ப் பருவக்காற்று இந்தியப் பெருநிலத்தின் புகையையும் சேர்த்துக் கொண்டுவரும். 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த அழுக்குக் காற்றால் 9 ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. நுண்துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீற்றருக்கு 5 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று 2021 இல் உலக சுகாதார அமைப்பு வைத்த வரம்பைக் கொழும்பு மிஞ்சியே நிற்கிறது.

அதே 2022 இல், பொருளாதார நெருக்கடியால் காஸ் இல்லாமல் வரிசையில் நின்ற மாதங்களில் கொழும்பின் நெருக்கமான குடியிருப்புகளில் விறகு மறுபடி எரிந்தது. மார்ச் 31 ஆம் திகதி 13 மணித்தியாலம் மின்வெட்டு. கடைவாசல்களில் ஜெனரேற்றர்கள் உறுமின. முப்பது வருஷத்தில் போன புகை சில மாதங்களில் திரும்பி வரலாம் என்பதை அந்த வருஷம் காட்டியது.

வீடும் மாறியது. 2001 இல் வனாத்தமுல்லையில் 671 வீடுகளோடு எழுந்த சஹஸ்புரவைத் தொடர்ந்து, தோட்டங்களில் இருந்த பல குடும்பங்கள் தொடர்மாடிகளுக்குப் போயின. கூரை ஒழுகவில்லை, காணில் வெள்ளம் வரவில்லை. ஆனால் உடுப்பு அறைக்குள்ளேயே காய்கிறது, குளியலறைச் சுவர் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கிறது, மெத்தையும் திரைச்சீலையும் கூடின. ஈரமும் சூடும் உள்ள இடத்தில் மெத்தைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளுக்கு நல்ல காலம். ஒவ்வாமை மூக்குக்குப் பெரிய எதிரி அவைதான். கந்தோரிலோ, 1980களில் எழுந்த உயர்நீதிமன்றக் கட்டடத்துக்குப் பிறகும் வழக்கேடுகள் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் போட்டோக் கொப்பி இயந்திரம் வந்தது, ஏ.சி. வந்தது, அதன் வடிகட்டியைக் கழுவும் பழக்கம் பின்தங்கிவிட்டது. இரவானால் அளுத்கடே தெருக்கடைகளின் கரி அடுப்புப் புகை. சாப்பிட வரும் ஊருக்கு அது வாசனை. மேல்மாடியில் குடியிருப்பவருக்கு அது ஒவ்வொரு இரவும்.

கமராவும் ஸ்கேனும்

வைத்தியத்தில் வந்த மாற்றத்தைத்தான் புரட்சி என்று சொல்லலாம். ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்டர் மெசர்க்ளிங்கர் மெல்லிய குழாய்க் கமராவால் மூக்குக்குள் பார்த்து ஒரு உண்மையை நிறுவினார்: அடியில் நீங்கள் எத்தனை துளை போட்டாலும் நுண்மயிர்கள் சளியைப் பழைய இயற்கை வாசலுக்கே கொண்டுபோகும். அதாவது உளியால் புதுவழி வெட்டிய பழைய சத்திரசிகிச்சைகள் பலருக்குப் பலிக்காமல் போனதற்கு நல்ல காரணம் இருந்தது. 1980களில் அவருடைய மாணவர் ஸ்டாம்பெர்கரும் அமெரிக்காவில் கெனடியும் இதைப் பரப்பினார்கள். இன்று மூக்குத் துவாரம் வழியாகவே போய், முகத்தில் ஒரு கீறலும் இல்லாமல், அந்த இயற்கை வாசலையே அகலமாக்கிவிடுகிறார்கள். 1971 இல் முதல் நோயாளியைப் படம் எடுத்த சி.டி. ஸ்கேன், எந்தப் பை அடைத்திருக்கிறது, எந்தப் பல்வேர் உள்ளே எட்டிப் பார்க்கிறது என்பதைத் துண்டு துண்டாகக் காட்டுகிறது.

ஆனால் பலருக்குச் சத்திரசிகிச்சையே தேவைப்படுவதில்லை. பன்னிரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால்தான் அது நாட்பட்ட சைனஸ். அதற்கு முதல் சிகிச்சை தினமும் உப்புநீர்க் கழுவலும் மூக்குக்குள் அடிக்கும் ஸ்டீரொயிட் ஸ்ப்ரேயும். ஸ்ப்ரே உடனே திறந்துவிடாது. வாரக்கணக்கில் ஒழுங்காக அடிக்க வேண்டும். மூன்றாம் நாளே ‘இது சரிவராது’ என்று மூலையில் போடுபவர்கள்தான் அதிகம்.

பெருந்தொற்றுக் காலமும் ஒன்றைக் கற்றுத் தந்தது. 2020 இல் முகக்கவசம் போட்டுப் பழகிய கிளாக்கர்கள் சிலர் பழைய பைல் கட்டை அவிழ்க்கும்போது இன்றும் அதைப் போடுகிறார்கள். அம்பது வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

மாறாதவை

பின்னேரம் எந்தப் பாமசிக்கும் போய் நில்லுங்கள்.

“நானா, சைனஸுக்கு ஏதாவது தாங்க.”

“எத்தன நாளா?”

“அது எப்பவும் இருக்குறதுதான்.”

ஒரு அன்டிபயோட்டிக் அட்டை பாதி, தூக்கம் வரவைக்கும் தடிமன் குளிசை, மூக்கில் விடும் சொட்டுமருந்து. மூன்றும் கைமாறும். சளிக்காய்ச்சலோடு வரும் திடீர்ச் சைனஸ் பெரும்பாலும் வைரஸ் வேலை; அன்டிபயோட்டிக் அதைத் தொடாது. அடைப்பை நிமிஷத்தில் திறக்கும் சொட்டுமருந்தை ஐந்து நாளுக்கு மேல் விட்டால், மருந்து இறங்கும்போதெல்லாம் முன்னையைவிட அதிகமாக அடைக்கும். வருஷக்கணக்காக அந்தச் சின்னப் போத்தலுக்கு அடிமையானவர்கள் இருக்கிறார்கள். மூக்குப்பொடி டப்பியின் இடத்தை அந்தப் போத்தல் பிடித்துக்கொண்டது.

ஏன் இப்படி? அரச வைத்தியசாலையில் இலவசம். ஆனால் ஒரு நாள் சம்பளத்தை விட்டுக் காத்திருக்க வேண்டும். தனியார் வைத்தியசாலையில் சனல் பண்ணினால் கட்டணம், ஸ்கேனுக்கு வேறு கட்டணம். 1971 இல் பேராசிரியர் சேனக்க பிபிலேயின் திட்டத்தில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது, ஏழைக்கும் நியாய விலையில் மருந்து கிடைக்க வேண்டும் என்பதற்காக. 2022 நெருக்கடியில் சாதாரண மருந்துகளே தட்டுப்பட்டபோது, இறக்குமதியை நம்பிய நாட்டில் மூக்கு ஸ்ப்ரே எவ்வளவு எட்டாத பொருள் என்பது தெரிந்தது. அப்படியிருக்க, சைனஸ் என்று சொன்னவுடன் கைக்கு வரும் மலிவான குளிசையைக் குறை சொல்வது லேசு. அதை வாங்குபவரின் கணக்கு வேறு.

அதனால்தான் நோயாளியே கொஞ்சம் பிரித்தறியக் கற்பது அவசியம். குனியும்போது கன்னம் கனத்து, மூக்கடைத்து, மஞ்சள் சளியோடு, மேல்பற்கள் பல சேர்ந்து நொந்தால் சைனஸ் என்று ஐயப்படலாம். ஒரு பல் மட்டும் சூட்டுக்கும் குளிருக்கும் கூசினால், தட்டினால் நொந்தால், பல் வைத்தியர். மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் காதடியில் நொந்து ‘டக்’ என்று சத்தம் கேட்டால் கொடுப்பு மூட்டு. மெதுவான சாப்பாடு, சூட்டு ஒத்தடம், பல் நெரிப்பதை நிறுத்தப் பழகுதல் ஆகியவற்றாலேயே பெரும்பாலும் குறையும். மூன்று விரலை நெட்டுக்கு அடுக்கி வாய்க்குள் விட முடியாவிட்டால், அதுவும் வெற்றிலை போடுபவரானால், தாமதிக்காமல் வோட் பிளேசிலுள்ள தேசிய பல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மூக்கைக் கழுவுவதென்றால் கொதித்து ஆறிய நீரையே பாவிக்க வேண்டும். ஒரு கோப்பைக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. 2011 இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தின்னும் அமீபாத் தொற்றில் இறந்தார்கள். கேரளத்திலும் அண்மைக் காலத்தில் இந்த நோயால் உயிர்கள் போயிருக்கின்றன. அரிதுதான், ஆனால் வந்தால் பெரும்பாலும் தப்புவதில்லை.

சில அறிகுறிகளுக்கு வீட்டு வைத்தியமும் வேண்டாம், பாமசியும் வேண்டாம். கண் இமை வீங்கினால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், ஒரு மூக்கிலிருந்து மட்டும் இரத்தம் கலந்து ஒழுகினால், கன்னம் மரத்தால், காரணமின்றி மேல்பல் ஆடினால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. படியேறும்போது கீழ்க்கொடுப்பு இறுகி வேர்த்தால் அது மூக்கும் இல்லை, பல்லும் இல்லை, நெஞ்சாக இருக்கலாம். புதுக்கடையில் ஏறுவதற்குப் படிகள் நிறையவே இருக்கின்றன.

அன்று பார்க்கக் கருவி இல்லை; ஆட்கள் பொறுத்துக்கொண்டார்கள், பல்லைப் பறிகொடுத்தார்கள். இன்று கருவி இருக்கிறது, கேட்காமலே பொறுத்துக்கொள்கிறோம். இந்த நோ உங்களுக்கும் பன்னிரண்டு வாரம் தாண்டியிருந்தால் பாமசி வாசலில் நிற்பதை விடுங்கள். எங்கே நோகிறது, எப்போது நோகிறது, எதைச் செய்தால் கூடுகிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் ஒரு தடவை, பல் வைத்தியரிடம் ஒரு தடவை போங்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.